இயற்கைப் புல்வெளிக்கு உரமிட்டால் தீவன விளைச்சலும் தரமும் உயருமா?

கேள்வி: படுகைப்புல்

அனைவருக்கும் வணக்கம். பசுக்களும் செம்மறி ஆடுகளும் வளர்த்து வருகிறேன். அவை மேயும் இடம் உழுது விதைத்த தீவனப் பயிர் நிலம் அன்று. நாட்டுப் புற்களும் அவற்றின் இடையே படரும் பயறுவகைக் கொடிகளும் தாமாகவே வளர்ந்து பல்லாண்டுகளாக நிலைத்திருக்கும் இயற்கைப் புல்வெளி அது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஒரே பருவத்தில் பெய்துவிடுகிறது. நிலத்தின் ஒரு பகுதி ஈரம் தங்கும் தாழ்வான படுகை. அங்கே ஆண்டுதோறும் புல்லை அறுத்து உலர்த்திச் சேமிக்கிறேன். எஞ்சிய பகுதி ஆழமற்ற மண் கொண்ட சரிவு. அங்கே மேய்ச்சல் மட்டும்தான்.

இந்நிலத்துக்கு இதுவரை எந்த உரமும் இட்டதில்லை. படுகையில் கிடைக்கும் உலர்புல்லின் அளவு சில ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. மழை நின்றபின் புல் முற்றித் தண்டாகிவிடுவதால், வயிறு நிறைய மேய்ந்தும் மாடுகள் மெலிகின்றன. ஆனால் மாட்டின் சிறுநீர் விழுந்த இடங்களில் மட்டும் புல் கரும்பச்சையாக, சுற்றிலும் உள்ளதைவிட உயரமாக வளர்ந்து நிற்கிறது. நிலம் முழுவதும் தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) ஏங்குகிறது என்று இதைப் பொருள்கொள்ளலாமா? யூரியா இடுவதானால் எவ்வளவு, எப்போது இட வேண்டும்? மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தேவைப்படுமா? உரமிடுவதால் இருக்கும் நாட்டுப் புற்களுக்குத் தீங்கு நேருமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மண்ணும் வேரும்

படுகையையும் சரிவையும் நீங்களே பிரித்துச் சொல்லியிருப்பது நல்லது. இரண்டுக்கும் விடை வேறு.

முதலில் சிறுநீர் விழுந்த இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஈரம் இருக்கும்போது உங்கள் புல் தழைச்சத்தை ஏற்று வளரக்கூடியது என்பதற்கு அவை உண்மையான சான்று. ஆனால் அந்தச் சான்றை அளவோடுதான் நம்ப வேண்டும். ஒரு பசு ஒரு முறை சிறுநீர் கழிக்கும் சிறு வட்டத்தில் விழும் தழைச்சத்தை எக்டேர் கணக்குக்கு மாற்றினால் அது 500 முதல் 1000 கிலோ வரை வரும். எந்த உழவரும் அந்த அளவில் உரமிடப் போவதில்லை. மேலும் சிறுநீரில் தழைச்சத்தோடு சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கந்தகமும் சேர்ந்தே இருக்கின்றன. மணிச்சத்தோ அதில் இல்லை என்றே சொல்லலாம். அது சாணத்தின் வழியாகத்தான் மண்ணுக்குத் திரும்புகிறது. ஆகவே சிறுநீர் வட்டத்தை மட்டும் பார்த்து மண்ணில் மணிச்சத்து போதுமானதா இல்லையா என்று முடிவு கட்ட இயலாது.

படுகையில் விளைச்சல் குறைவதற்கான காரணம் பெரும்பாலும் கண்முன்னே இருக்கிறது. உலர்புல்லில் புரதம் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் தழைச்சத்து கிடைக்கும் என்பதால், ஒரு டன் உலர்புல்லோடு ஏறக்குறைய 13 கிலோ தழைச்சத்து நிலத்தைவிட்டு வெளியேறுகிறது. கூடவே ஒன்று முதல் இரண்டு கிலோ பாஸ்பரசும், 10 முதல் 20 கிலோ பொட்டாசியமும் போய்விடுகின்றன. மேய்ச்சல் நிலத்தில் கால்நடை தின்ற சத்தில் பெரும்பகுதி சாணமாகவும் சிறுநீராகவும் அங்கேயே விழுந்துவிடும். அறுத்துக் கொண்டுபோகும் நிலத்துக்கு அந்த ஈடு கிடையாது. அந்த உலர்புல்லைத் தின்ற மாடுகளின் தொழுவுரத்தைப் படுகைக்கே திருப்பிக் கொண்டுசெல்வதுதான் முதலில் செய்ய வேண்டியது. நன்கு மட்கிய தொழுவுரத்தில் ஏறக்குறைய அரை சதவீதம் தழைச்சத்து இருக்கும். எக்டேருக்கு 10 டன் பரப்பினால் 50 கிலோ. அதில் ஒரு பகுதிதான் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைக்கும், எஞ்சியது பின்வரும் ஆண்டுகளில் சிறுகச் சிறுக வெளிப்படும். மட்காத எருவில் களைவிதைகள் உயிரோடு இருக்கும் என்பதால், அதை இயற்கைப் புல்வெளியில் கொட்டக் கூடாது.

யூரியா இடுவதானால் படுகைக்கு மட்டும், எக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து என்ற மிதமான அளவோடு தொடங்குங்கள். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால் இது 87 கிலோ யூரியாவாகும். ஈரம் போதுமான அளவு இருந்தால், ஒரு கிலோ தழைச்சத்துக்கு 10 முதல் 20 கிலோ வரை கூடுதல் உலர்தீவனம் கிடைப்பது வழக்கம். ஈரம் குறைந்தால் இந்த எண் விரைவாகச் சரியும். சரிவில் இடுவதை நான் ஏற்கவில்லை. ஆழமற்ற மண்ணில் புல்லின் வளர்ச்சியைத் தடுத்து நிற்பது தண்ணீர். தண்ணீர் தீர்ந்தபின் அங்கே இட்ட தழைச்சத்துக்கு வேலையில்லை. அதோடு மேய்ச்சலில் விளைந்த புல்லில் பாதியைத்தான் மாடு உண்ணும், மற்றது மிதிபட்டும் ஒதுக்கப்பட்டும் போகும். எனவே சரிவில் மாடு உண்ணும் ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் நீங்கள் படுகையில் கொடுப்பதைவிட இரு மடங்குக்கு மேல் செலவிட நேரும்.

காலத்தைப் பொறுத்தவரை, காய்ந்து கிடக்கும் புல்லின்மேல் யூரியாவைத் தூவி மழைக்குக் காத்திருப்பது வீண். புல்லின் அடியில் குவிந்திருக்கும் சருகில் யூரியாவைச் சிதைக்கும் நொதி மிகுதியாக உள்ளது. இலேசான ஈரத்திலேயே யூரியா கரைந்து அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். முதல் மழைகள் பெய்து, பழைய தூர்களிலிருந்து புதிய இலைகள் விட்ட பிறகு, அடுத்த 10, 15 மில்லிமீட்டர் மழை வரும் என்று உறுதியாகத் தெரியும் நேரத்தில் இட்டால் அது கரைந்து வேருக்கு இறங்கும். பெருமழைக்கு முந்தைய நாளும் ஏற்றதன்று. ஓடையையோ குட்டையையோ ஒட்டிய ஓரத்தை உரமிடாமல் விட்டுவிடுங்கள்.

மணிச்சத்தை மண் பரிசோதனை செய்யாமல் இட வேண்டாம். படுகைக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று எனத் தனித்தனியாக, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் 20 இடங்களிலாவது மண் எடுத்துக் கலந்து மாதிரி தயாரியுங்கள். சாணம் கிடக்கும் இடம், மரநிழல், தண்ணீர்த் தொட்டியின் அருகு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பற்றாக்குறை தெரிந்தால் சூப்பர் பாஸ்பேட் நல்ல தேர்வு. 16 சதவீத மணிச்சத்தோடு கந்தகமும் சுண்ணச்சத்தும் (கால்சியம்) அதில் கிடைக்கின்றன. யூரியாவைப்போல ஓடிப்போகாமல் மண்ணில் தங்கும் என்பதால், ஆண்டுதோறும் இடத் தேவையில்லை.

பதில்: பல்வகைப் புல்

மேலே கூறப்பட்ட கணக்குகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டவரின் கடைசிக் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முதன்மையான கேள்வி அதுதான். இயற்கைப் புல்வெளிக்கு உரமிடும்போது விளைச்சல் கூடுவதோடு, அங்கே எந்தச் செடி வாழும் எந்தச் செடி மறையும் என்பதும் மாறிவிடுகிறது.

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் பார்க் கிராஸ் எனும் புல்வெளிச் சோதனை 1856-இல் தொடங்கி இன்றுவரை நடந்துவருகிறது. ஒரே மாதிரியாக இருந்த பழைய புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரம் ஆண்டுதோறும் இட்டார்கள். உரமே இடாத பாத்திகளில் 40 வகையை ஒட்டிய தாவரங்கள் இன்றும் உள்ளன. அம்மோனியம் சல்பேட்டை மிகுதியாக இட்டுச் சுண்ணாம்பு இடாத பாத்திகளில் மண் கடுமையாக அமிலமாகி, இரண்டு மூன்று வகைப் புற்களே எஞ்சின. தழைச்சத்து இடாமல் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்டும் பெற்ற பாத்திகளில் நேர்ந்ததுதான் உங்களுக்கு மிகவும் பயன்படும் செய்தி: அங்கே பயறுவகைச் செடிகள் பெருகின.

இதன் காரணம் எளியது. பயறுவகைச் செடி தன் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிரின் துணையால் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. மண்ணில் தழைச்சத்து குறைவாக உள்ளவரை அதற்குப் புல்லைவிட ஒரு வாய்ப்பு மிகுதி. யூரியா இட்டவுடன் அந்த வாய்ப்பு போய்விடும். வேகமாக உயர்ந்த புல்லின் நிழலில் கொடி வெளிச்சமின்றி நலியும். உங்கள் நிலத்தில் இலவசமாகத் தழைச்சத்து சேர்ப்பதும், தீவனத்தில் புரதத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அந்தக் கொடிகள்தாம். ஆண்டுதோறும் யூரியா இட்டு அவற்றை இழந்துவிட்டால், அவை செய்த வேலைக்கும் சேர்த்து நீங்கள் யூரியா வாங்க வேண்டியிருக்கும்.

நாட்டுப் புற்கள் பலவும் குறைந்த தழைச்சத்தில் நிறைய விளையப் பழகியவை. வெப்பப் பருவப் புற்களுக்கு இந்த இயல்பு இன்னும் மிகுதி. உரத்தால் அவற்றைவிட முந்திக்கொண்டு பயனடைவன, வளமான மண்ணை விரும்பும் வந்தேறிப் புற்களும் அகன்ற இலைக் களைகளும்தாம். வட அமெரிக்கப் புல்வெளிகளில் வெப்பப் பருவ நாட்டுப் புற்கள் விழிக்கும் முன்பே தழைச்சத்து இட்டால், கென்டக்கி புளூகிராஸ், ஸ்மூத் புரோம் போன்ற குளிர்பருவப் புற்கள் அதை உண்டு பரவிவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் தெற்கே சூப்பர் பாஸ்பேட்டும் குளோவர் என்னும் பயறுவகைத் தீவனச் செடியின் விதையும் சேர்ந்து மேய்ச்சல் நிலங்களின் விளைச்சலைப் பெரிதும் உயர்த்தின என்பது உண்மை. உரத்தோடு தொடர் மேய்ச்சலும் சேர்ந்த இடங்களில் கங்காருப் புல் போன்ற உயர்ந்த நாட்டுப் புற்கள் பின்வாங்கின என்பதும் அதே அளவுக்கு உண்மை.

வறட்சியையும் எண்ணிப்பாருங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடார் கிரீக் என்னுமிடத்தில் 1982 முதல் தழைச்சத்துச் சோதனைகள் நடந்தன. 1988-இல் வந்த கடும் வறட்சியில், பலவகைச் செடிகள் நிறைந்த பாத்திகளைவிட, தழைச்சத்தால் செடிவகை குறைந்துபோன பாத்திகளின் விளைச்சல் மிக அதிகமாகச் சரிந்தது. உரத்தை நிறுத்தியபின்பும் இழந்த வகைகள் எளிதில் திரும்பவில்லை.

ஆகவே என் பரிந்துரை இது: சரிவில் எந்த உரமும் வேண்டாம். படுகையில் மண் பரிசோதனை காட்டும் மணிச்சத்துப் பற்றாக்குறையை முதலில் தீருங்கள்; பயறுவகைக் கொடிகள் பெருகுகின்றனவா என்று இரண்டு ஆண்டு பாருங்கள். அதற்குப் பின்னும் தேவைப்பட்டால் யூரியாவைப் பற்றி யோசிக்கலாம்.

பதில்: மண்ணும் வேரும்

பயறுவகைக் கொடிகளைப் பற்றிச் சொன்னதை முழுவதுமாக ஏற்கிறேன். படுகையில் அவை கண்ணுக்குத் தெரியும் அளவில் பரவியிருந்தால் மணிச்சத்தை முதலில் இடும் வரிசையே சரி. அவை அறவே இல்லாமல் புல் மட்டுமே அடர்ந்திருந்தால், மணிச்சத்து மட்டும் இட்டு இரண்டு ஆண்டு காத்திருப்பதில் பயன் குறைவு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுகளுக்கு இடையே நிலத்தடி நீர் மேலெழும் ஈரப் புல்வெளிகள் உள்ளன. அங்கே உலர்புல்லுக்காகத் தழைச்சத்தும், தேவைப்படும் இடத்தில் மணிச்சத்தும் கந்தகமும் இடுவது பயன்தரும் நடைமுறை. சுற்றியுள்ள உலர்ந்த குன்றுகளுக்கு அது பொருந்துவதில்லை. உங்கள் படுகையும் சரிவும் ஏறக்குறைய அதே நிலையில் இருக்கின்றன.

பதில்: கால்நடை மருத்துவம்

மாடுகள் வயிறு நிறைய மேய்ந்தும் மெலிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இது விளைச்சல் சிக்கலன்று, தரச் சிக்கல். உரத்தால் இது தீரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் நார்ப்பொருளைச் செரிக்கின்றன. தீவனத்தில் புரதம் ஏறக்குறைய 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த நுண்ணுயிர்களுக்கே போதிய தழைச்சத்து கிடைப்பதில்லை. செரிமானம் மந்தமாகிறது, தின்றது வயிற்றிலேயே தங்குகிறது, அதனால் மாடு மேலும் தின்ன முடியாமல் நின்றுவிடுகிறது. நீங்கள் காணும் நிறைந்த வயிறு அதுதான். இளம் பருவத்தில் 10 சதவீதத்துக்கு மேல் புரதம் கொண்டிருந்த நாட்டுப் புல், பூத்து விதை உதிர்த்தபின் 4, 5 சதவீதத்துக்கு வந்துவிடுவது இயல்பு. உரமிட்ட புல்லும் இதே வழியில்தான் போகும். தொடக்கத்தில் இட்ட தழைச்சத்து இளம்புல்லின் புரதத்தை உயர்த்தும். முற்றவிட்டால் கூடுதலாக விளைந்த தண்டும் நாரும் அந்த உயர்வை நீர்த்துப்போகச் செய்துவிடும். எனவே தரம் வேண்டுமானால் முதல் வேலை, படுகைப் புல்லைப் பூக்கொத்து வெளிவரத் தொடங்கும்போதே அறுப்பது. அளவில் சற்றுக் குறையும்; புரதமும் செரிக்கும் தன்மையும் அதற்கு ஈடுசெய்யும்.

வறண்ட மாதங்களில் முற்றிய புல்லைச் செரிக்க வைக்க, புரதத்தை நிலத்தில் கொட்டுவதைவிட மாட்டின் வாயில் கொடுப்பது சிக்கனமானது. சிறிதளவு பிண்ணாக்கோ, முன்னர் அறுத்துக் காயவைத்த பயறுவகைத் தீவனமோ போதும். மணிச்சத்துக்கும் இதே வாதம் பொருந்தும். தென்னாப்பிரிக்காவில் மாடுகள் எலும்புகளைக் கடித்துத் தின்று நோயுற்று இறந்ததை 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்த ஆர்னால்ட் தெய்லர், மணிச்சத்துக் குறைந்த மேய்ச்சலே அந்த எலும்புப் பசிக்குக் காரணம் என்றும், அழுகிய எலும்பிலிருந்த நச்சு உயிரைப் பறித்தது என்றும் காட்டினார். எலும்புத்தூள் கொடுத்தபோது மாடுகள் தேறின. பரந்த சரிவு நிலத்துக்கு மணிச்சத்து இடுவதற்குப் பதில், மாடுகளுக்குத் தாது உப்புக் கலவை வைப்பது பல இடங்களில் நடைமுறையானது இதனால்தான்.

உரமிட்டால் சில எச்சரிக்கைகளைக் கட்டாயம் மனத்தில் கொள்ளுங்கள். தழைச்சத்து இட்டபின் மழை பொய்த்துப் புல் வாடினால், வேர் எடுத்துக்கொண்ட நைட்ரேட் புரதமாக மாறாமல் தண்டின் அடிப்பகுதியில் தேங்கும். பசித்த மாடு அதை மேய்ந்தால், நைட்ரேட் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி இரத்தத்தின் உயிர்வாயு சுமக்கும் திறனைக் கெடுக்கும். இரத்தம் பழுப்பு நிறமாகி, மூச்சுத் திணறி மாடு சில மணி நேரத்தில் இறக்கக்கூடும். உலர் எடையில் நைட்ரேட் 1 சதவீதத்தை நெருங்கும் தீவனத்தை அபாயமானதாகவே கருத வேண்டும். உலர்த்துவதால் நைட்ரேட் குறையாது. வறட்சிக்குப் பிறகு மழை பெய்த உடனேயும் மேய்க்காதீர்கள். ஒரு வாரமாவது பொறுங்கள். உரம் மண்ணில் கரைந்து இறங்கும் வரை கால்நடைகளை அங்கே விடாமல், சிந்திய யூரியாவையும் காலிப் பைகளையும் அகற்றிவிடுங்கள். யூரியாவை நேரடியாக நக்கினால் அது நஞ்சு.

தொடர் கேள்வி: படுகைப்புல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சரிவுக்கு உரமிடும் எண்ணத்தை விட்டுவிடுகிறேன். படுகையில் கொடிகள் ஒரு பாதியில் அடர்ந்தும் மறுபாதியில் அரிதாகவும் உள்ளன. தொழுவுரத்தையும் அங்கே திருப்பிவிடலாம். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. சரிவில் உரமின்றி விளைச்சலைக் கூட்ட வழியுண்டா? படுகையில் இட்ட உரம் உண்மையில் பயன்தந்ததா என்பதை எப்படி அளந்து அறிவது?

பதில்: சுழற்சி மேய்ச்சல்

முதல் ஐயத்துக்கு மட்டும் சொல்கிறேன். மாடுகள் சரிவெங்கும் மேய்ந்துவிட்டு, சாணத்தையும் சிறுநீரையும் தண்ணீர்த் தொட்டியின் அருகிலும் மரநிழலிலும் குவித்துவிடுகின்றன. சத்து நிலத்தைவிட்டுப் போகவில்லை, ஆனால் இடம் மாறிவிடுகிறது. தொட்டியையும் உப்புக் கட்டியையும் மேய்ச்சல் குறைந்த மூலைக்கு நகர்த்துங்கள். செம்மறிக் கிடையை இரவுதோறும் இடம் மாற்றிப் போடுங்கள். நிலத்தை நான்கைந்து கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு முறை மேய்த்தபின் புல் மீண்டும் தழைக்கும் வரை ஓய்வு கொடுங்கள். புல்லில் பாதியை மேய்த்து மறுபாதியை விட்டுவைத்தால் வேர் ஆழம் இறங்கும். சரிவில் மழைநீர் ஓடாமல் ஊறும். ஒவ்வோர் ஆண்டும் வேறொரு கட்டத்தை விதை உதிரும் வரை மேய்க்காமல் விடுவது நல்ல புற்கள் மீண்டும் பரவ உதவும். இந்த ஒழுங்கு இல்லாத நிலத்துக்கு உரமிட்டால், மாடுகள் உரமிட்ட இடத்தையே திரும்பத் திரும்ப ஒட்டக் கடித்து, நீங்கள் காக்க நினைத்த புல்லையே முதலில் அழிக்கும்.

பதில்: மண்ணும் வேரும்

அளப்பது கடினமன்று. படுகையில் கொடி அடர்ந்த பாதியிலும் அரிதான பாதியிலும் நந்நான்கு பட்டைகள் குறியுங்கள்: ஒன்றில் எதுவும் இடாதீர்கள், ஒன்றில் யூரியா, ஒன்றில் சூப்பர் பாஸ்பேட், ஒன்றில் இரண்டும். எதுவும் இடாத பட்டை இல்லையென்றால், நல்ல மழையின் பலனையெல்லாம் உரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

அறுப்புக்கு முன் 50 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை ஒவ்வொரு பட்டையிலும் நான்கைந்து இடங்களில் வைத்து, தரையிலிருந்து 4 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். புல், பயறுவகைக் கொடி, களை என மூன்றாகப் பிரித்து, எடை மேலும் குறையாத வரை உலர்த்தி நிறுங்கள். ஒரு சட்டத்தின் சராசரி எடையை கிராமில் எழுதி 40-ஆல் பெருக்கினால், எக்டேருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். மொத்த எடை கூடியும் கொடியின் பங்கு சரிந்திருந்தால், மேலே நண்பர் எச்சரித்தது உங்கள் நிலத்தில் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பாதியில் யூரியாவை நிறுத்திவிடுங்கள். அதே மாதிரிகளில் சிறிதளவைப் புரதப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது. யூரியா இட்ட பட்டையின் மாதிரியில் நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

யூரியாவின் பலன் அந்தப் பருவத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். சூப்பர் பாஸ்பேட்டின் பலன் கொடிகள் பெருகப் பெருக இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் முழுமையாகத் தெரியும் என்பதால், முதல் ஆண்டு எடையை மட்டும் பார்த்து அதை ஒதுக்கிவிட வேண்டாம். அறுப்புக்குப்பின் படுகையில் மாடுகளை விடுவதாக இருந்தால், மீண்டும் தழைக்கும் புல்லை அளக்க ஒவ்வொரு பட்டையிலும் ஒரு சிறு கம்பிக் கூண்டு வைத்து, ஒவ்வொரு முறை அளந்தபின்பும் அதைப் பட்டைக்குள்ளேயே வேறிடத்துக்கு நகர்த்துங்கள். ஒரே இடத்தில் விட்டுவிட்டால், மாடு ஒருபோதும் கடிக்காத புல்லின் வளர்ச்சியைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.